பெயர் எந்த ஊரில்? வில்லியனூர், பாகூர் மாணவர்களும் வாக்காளர் பட்டியலும்

புதுச்சேரியின் கிராமப்புறங்களில் வாக்குப்பதிவு நாள் அப்படியொன்றும் சிரமமான நாள் அல்ல. வாக்குச்சாவடி பெரும்பாலும் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே இருக்கும். வாக்காளர் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருக்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் நெறி. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 81 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். 2024-இல் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர். நாட்டின் சராசரி இரண்டு முறையும் 66, 67 என்ற அளவில்தான் நின்றது. காலையில் வயல் வேலைக்குப் போகும் முன்பே வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொள்ளும் மக்கள் வாழும் பகுதி இது.

ஆனால் அந்த 81 விழுக்காடு, பட்டியலில் பெயர் உள்ளவர்களைக் கொண்டு போட்ட கணக்கு. பெயரே ஏறாதவர் அதில் வாக்களிக்காதவராகக்கூட எண்ணப்படுவதில்லை. 2024 தேர்தலுக்கு முன் தேர்தல் ஆணையத்தின் தரவுகளை வைத்து வெளியான செய்திகளின்படி, நாட்டில் 18, 19 வயதினர் சுமார் 4.9 கோடிப் பேர்; அவர்களில் பட்டியலில் இடம்பெற்றிருந்தவர்கள் சுமார் 1.8 கோடிப் பேர். பத்துப் பேருக்கு நாலு பேர்கூட இல்லை. அரசியலமைப்பின் 61ஆவது திருத்தம் 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்து வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18-க்குக் குறைத்தது. வயதைக் குறைத்த அரசு, பெயரைச் சேர்க்கும் பொறுப்பை அந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளையிடமே விட்டுவிட்டது.

கல்லூரி மாணவர்கள் எளிதாக வாக்களிக்க என்ன வழி என்ற பேச்சு வரும்போதெல்லாம் 'காலேஜுக்குள்ளேயே பூத் வைத்தால் என்ன?' என்ற கேள்வி முதலில் வருகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு இயல்பாகத் தோன்றும் யோசனை அது. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை (பிரெஞ்சுக் காலத்திலிருந்து தொடரும் உள்ளாட்சிப் பகுதிகள்) வைத்துப் பார்த்தால், வாக்குச்சாவடியைக் கல்லூரிக்குக் கொண்டுவருவதால் தீரும் சிக்கல் மிகக் குறைவு. பட்டியலைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தால் தீருவது நிறைய. இந்தக் கட்டுரையில் நான் நிறுவ விரும்புவது இதைத்தான்.

முதலில் வீட்டிலிருந்து தினமும் கல்லூரிக்குப் போய்வரும் மாணவர்களை எடுத்துக்கொள்வோம். இந்த இரு கொம்யூன்களிலும் கல்லூரி செல்லும் உள்ளூர்ப் பிள்ளைகள் இந்த வகைதான். குருவிநத்தம், சோரியாங்குப்பம் போன்ற தென்பெண்ணைக் கரை ஊர்களிலிருந்து லாஸ்பேட்டையில் உள்ள கல்லூரிக்குப் போகும் மாணவர் காலை ஏழு மணிவாக்கில் பஸ் பிடித்தாக வேண்டும். அதே ஊர்களிலிருந்து கடலூர் பெரியார் கலைக் கல்லூரிக்குப் போனால் தூரம் குறைவு, ஆனால் நடுவில் மாநில எல்லை குறுக்கிடுகிறது. வில்லியனூர்ப் பக்கம் கூடப்பாக்கம், தொண்டமாநத்தம் பிள்ளைகள் நகரத்துக்கோ, வில்லியனூரிலேயே உள்ள கஸ்தூரிபா மகளிர் கல்லூரிக்கோ, மதகடிப்பட்டுப் பக்கமோ போகிறார்கள். வீடு திரும்ப மாலையாகிவிடும்.

வாக்காளர் பட்டியலுக்கான களப்பணியைச் செய்கிறவர் வாக்குச்சாவடி நிலை அலுவலர். ஊரில் பி.எல்.ஓ. என்றால்தான் தெரியும். அங்கன்வாடி ஊழியரோ, ஆசிரியரோ, வருவாய்த் துறை ஊழியரோ, தன் சொந்த வேலைக்கு நடுவே இதையும் பார்ப்பவர். அவர் வீடு தேடி வருவது பகலில். வாசலில் நிற்கும் அம்மா, "பொண்ணு காலேஜுக்குப் போயிருக்கா டீச்சர், சாயந்திரம்தான் வருவா" என்பார். வீட்டில் ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர்களைச் சரிபார்த்துக்கொண்டு பி.எல்.ஓ. அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது; ஒரு பாகத்தில் ஏறத்தாழ ஆயிரம் வாக்காளர் இருப்பார்கள். சனி, ஞாயிறுகளில் சிறப்பு முகாம் நடத்துகிறார்கள். ஆனால் வார இறுதியில்தான் புதுச்சேரியின் ஓட்டல்களும் கடைகளும் சுற்றுலாக் கூட்டத்தால் நிரம்புகின்றன. படிப்புச் செலவுக்காக அங்கே பகுதிநேர வேலைக்குப் போகிற மாணவர் முகாமுக்கு எப்படிப் போவார்? பி.எல்.ஓ. வரும் நேரத்தில் மாணவர் வீட்டில் இல்லை. அவர் எங்கே இருக்கிறார் என்பதோ எல்லோருக்கும் தெரியும்: வகுப்பறையில், வருகைப் பதிவேட்டில் பெயரோடு இருக்கிறார்.

ஆறாம் படிவம் புதிய வாக்காளருக்கானது. கைப்பேசியிலும் நிரப்பலாம், தாளிலும் நிரப்பலாம். பார்க்கச் சுலபம்தான்: பெயர், உறவினர் பெயர், பிறந்த தேதி, முகவரி, ஒரு புகைப்படம், வயதுக்கும் வசிப்பிடத்துக்கும் ஆவணம். வயதுக்கு ஆதாரோ பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோ போதும். சிக்கல் முதல் கட்டத்திலேயே தொடங்குகிறது. பெயர், குடும்பப் பெயர் என இரண்டு கட்டங்கள். தமிழ்ப் பிள்ளைக்குக் குடும்பப் பெயர் ஏது? இனிஷியலை எங்கே போடுவது, அதை விரித்து அப்பா பெயராக எழுதலாமா, மதிப்பெண் சான்றிதழில் முன்னால் இருக்கும் இனிஷியல் ஆதாரில் பின்னால் இருந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றும் ஒரு தயக்கம். புதுச்சேரிக்கு இதற்கு மேலும் ஒன்று உண்டு. பிரெஞ்சுக் காலத்துப் பதிவேடுகளின் வழியே வந்த எழுத்துமுறையால், தாத்தாவின் முருகன் ஆங்கில எழுத்தில் 'உ' ஒலிக்கு 'ஓ, யூ' என இரண்டு எழுத்தும் கடைசியில் ஓர் 'ஈ'யுமாக நிற்பார். பேரனின் ஆதாரில் அதே முருகன் தமிழ்நாட்டுப் பாணியில் இருப்பார். மனிதக் கண்ணுக்கு இருவரும் ஒருவரே. கணினிக்கு அப்படி அல்ல.

2025 நவம்பர் 4-இல் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் புதுச்சேரியும் தமிழ்நாடும் அடங்கின. 2002–2004 காலத்தில் நடந்த முந்தைய தீவிரத் திருத்தப் பட்டியலோடு தன்னையோ பெற்றோரையோ தொடர்புபடுத்திக் காட்ட வேண்டும் என்பது அதன் அடிப்படை. இன்று கல்லூரியில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் 2004 டிசம்பர் 2-க்குப் பின் பிறந்தவர்கள். பெற்றோரின் பழைய பதிவுதான் அவர்களுக்குப் பிடிமானம். அம்மா பிறந்த ஊர் பண்ருட்டிப் பக்கம், அப்பா பிறந்த ஊர் பாகூர் என்றால், ஒரு பிள்ளை தமிழ்நாடு, புதுச்சேரி என இரண்டு பட்டியல்களில் இருபது ஆண்டுப் பழைய பெயர்களைத் தேடியாக வேண்டியிருந்தது. இரு பக்கமும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் பகுதியில் இது அபூர்வமான நிலைமை அல்ல. இந்தத் தேடலில் விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து உதவினால் அரை மணி நேர வேலை. தனியாக விட்டால், 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போகும் வேலை.

இங்கேதான் கல்லூரியின் பங்கு வருகிறது. புதுச்சேரியில் அரசு இடங்களுக்கான சேர்க்கையை நடத்துவது சென்டாக். அதற்கு விண்ணப்பிக்கும் உள்ளூர் மாணவர், தான் இந்த யூனியன் பிரதேசத்தில் வசிப்பவர்தான் என்பதற்கு வருவாய்த் துறையிடம் குடியிருப்புச் சான்றிதழ் வாங்கித் தருகிறார். வில்லியனூர்க்காரர் வில்லியனூர் தாலுகா அலுவலகத்திலும் பாகூர்க்காரர் பாகூர் தாலுகா அலுவலகத்திலும் இதற்காக அலைகிறார்கள். வயதுக்கு மதிப்பெண் சான்றிதழ், அடையாளத்துக்கு ஆதார், புகைப்படம் எல்லாம் அந்த விண்ணப்பத்தோடு போய்விடுகின்றன. ஆறாம் படிவம் கேட்பதும் வயதும் வசிப்பிடமும்தானே? ஒரு சீட்டுக்காக அரசே சோதித்து ஏற்றுக்கொண்ட விவரத்தை, ஒரு வாக்குக்காக அந்தப் பிள்ளை மறுபடி முதலிலிருந்து நிரூபிக்கிறார். தாலுகா அலுவலகத்தின் அதிகாரிகளே தேர்தல் பணியிலும் பொறுப்பு வகிக்கிறார்கள். சென்டாக் சேர்க்கை முடிந்து கல்லூரியில் கட்டணம் கட்டும் அன்றே, பதினேழு வயது கடந்த ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் பாதி நிரப்பிய ஆறாம் படிவத்தைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்வதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. விருப்பம் இல்லாதவர் வேண்டாம் என்று சொல்லலாம். கேட்கவாவது வேண்டும்.

பதினேழு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்பெல்லாம் ஜனவரி 1 ஒன்றே தகுதி நாள். ஜனவரி 2-இல் பிறந்தவர் ஏறத்தாழ ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2021-இல் நிறைவேறிய தேர்தல் சட்டத் திருத்தம் 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த பிறகு ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாள்கள். பதினேழு முடிந்தவர் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம்; பதினெட்டு நிறைந்த காலாண்டில் பெயர் ஏறும். கல்லூரி தொடங்கும் மாதங்களுக்கு அடுத்து வரும் தகுதி நாள் அக்டோபர் 1. முதலாண்டு வகுப்பில் பதினேழு முடிந்தவரும் பதினெட்டு ஆனவரும் கலந்து உட்கார்ந்திருக்கும் காலம் அது. இதைவிடப் பொருத்தமான இடமும் நேரமும் எந்தப் பட்டியல் அதிகாரிக்கும் கிடைக்காது.

தேர்தல் ஆணையம் இதை உணராமல் இல்லை. 2011 முதல் ஜனவரி 25 தேசிய வாக்காளர் நாள். 2018 முதல் பள்ளி, கல்லூரிகளில் தேர்தல் எழுத்தறிவு மன்றங்கள். 2023 நவம்பரில் கல்வி அமைச்சகத்தோடு ஓர் ஒப்பந்தம். கல்லூரிக்கு ஒரு வளாகத் தூதர். இவை எல்லாம் நல்ல நோக்கத்தில் பிறந்தவை. ஆனால் நடப்பது என்ன? ஜனவரி 25 அன்று உறுதிமொழி, கோலப்போட்டி, மனிதச் சங்கிலி, பேரணி, புகைப்படம். உறுதிமொழி எடுத்த மாணவர்களில் எத்தனை பேர் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று அன்று மாலை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வகுப்புவாரியாகப் பெயர் சேர்ந்தவர், சேராதவர் என்று ஒரு தாளில் குறித்து வைத்தாலே அந்த மன்றத்தின் பாதி வேலை முடிந்துவிடும். கோலத்துக்கு நான் எதிரி அல்ல. கோலம் போட்ட கை படிவத்தையும் நிரப்ப வேண்டும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிறந்த வீட்டு முகவரியில் பெயர் சேர்த்த பெண், படிப்பு முடிந்து ஓரிரு ஆண்டில் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகிறார். பட்டியலில் முகவரியை மாற்ற எட்டாம் படிவம். அது தெரியாததால் பிறந்த ஊரில் 'இடம்பெயர்ந்தவர்' என்று நீக்கப்பட்டு, புகுந்த ஊரில் சேராமலே போகும் பெண்கள் உண்டு. கல்லூரியில் ஆறாம் படிவத்தைச் சொல்லித்தரும்போதே எட்டாம் படிவத்தையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும். மகளிர் கல்லூரிகளில் இது கட்டாயம்.

விடுதி மாணவர்களின் நிலை வேறு. பாகூர் கொம்யூனில் கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும், வில்லியனூர் கொம்யூனில் அரியூரிலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. பொறியியல் கல்லூரிகளும் உண்டு. நெடுஞ்சாலையை ஒட்டிய பெரிய வளாகங்கள். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்து தங்கிப் படிக்கும் பிள்ளைகள். இவர்கள் பெயர் எந்த ஊரில் இருக்க வேண்டும்?

1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒரு தொகுதியில் 'வழக்கமாக வசிப்பவர்' அங்கே பெயர் சேர்க்கலாம் என்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் பெயர் இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. விடுதி மாணவருக்கு ஆணையத்தின் வழிகாட்டுதல் தெளிவாகவே இருக்கிறது: பெற்றோர் வீட்டு முகவரியிலும் சேர்க்கலாம், விடுதி முகவரியிலும் சேர்க்கலாம். தேர்வு மாணவருடையது. விடுதி முகவரி என்றால், படிப்பு அங்கீகரிக்கப்பட்டதாகவும் ஓராண்டுக்குக் குறையாததாகவும் இருக்க வேண்டும். முதல்வரோ பதிவாளரோ தரும் சான்றை இணைக்க வேண்டும். இந்தத் தேர்வுரிமை தமக்கு உண்டு என்பது மாணவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர் போய்க் கேட்டாலும், இப்படி ஒரு சான்று இருக்கிறது என்பதே கல்லூரி அலுவலகத்துக்குத் தெரியாமல் போகலாம்.

அமெரிக்காவில் இதே உரிமைக்காக நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அங்கே வாக்களிக்கும் வயது 18 ஆனது 1971-இல். டெக்சாஸ் மாநிலத்தின் வாலர் கவுண்டியில் கருப்பின மாணவர்கள் பெருவாரியாகப் படித்த பிரெய்ரி வியூ கல்லூரி மாணவர்களிடம் மட்டும், 'படிப்பு முடிந்த பின் இங்கேயே இருப்பீர்களா? இங்கே சொத்து உண்டா?' என்றெல்லாம் கேள்வித்தாள் நீட்டிப் பதிவை மறுத்துவந்தார் அங்கிருந்த பதிவு அதிகாரி. அது செல்லாது என்ற தீர்ப்பை 1979-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அங்கே வழக்காடிப் பெற்றதை இங்கே ஒரு வழிகாட்டுதலே கொடுத்திருக்கிறது. பயன்படுத்துவோர்தான் குறைவு.

பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 2024 தேர்தலின்போது புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் வாக்காளர்கள் 10 லட்சத்துக்குச் சற்று மேல்; தேர்ந்தெடுக்கும் சட்டமன்றத் தொகுதிகள் 30. ஆக ஒரு தொகுதிக்குச் சராசரியாக 34,000 பேர். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் அப்போது ஒரு தொகுதிக்குச் சராசரி இரண்டரை லட்சத்துக்கும் மேல். கடலூர்த் தொகுதிப் பட்டியலில் ஓராயிரம் விடுதி மாணவர்கள் சேர்ந்தால் அது பெரிதாகத் தெரியாது. பாகூர்ப் பக்கத்துத் தொகுதி ஒன்றில் ஓராயிரம் பேர் சேர்ந்தால் வெற்றி தோல்வியே மாறலாம். சில நூறு வாக்குகளில் முடிவு தெரிவது இந்தச் சின்னத் தொகுதிகளில் புதிதல்ல. ஏரித் தண்ணீர், கரும்பு, நெல், மீனவர் நிவாரணம், ரேஷன் என்று வாக்களிக்கும் ஊர்மக்கள், நான்கைந்து ஆண்டில் போய்விடும் பிள்ளைகள் தங்கள் எம்.எல்.ஏ.வைத் தீர்மானிப்பார்களோ என்று கேட்டால், அந்தக் கேள்வியை வெறும் பொறாமை என்று ஒதுக்க முடியாது.

அதற்கு என் பதில் இதுதான். விடுதியில் நான்கரை ஆண்டு தங்கிப் படித்து, பயிற்சி மருத்துவராக அந்தக் கொம்யூன் மக்களுக்கே வைத்தியம் பார்ப்பவருக்கு அந்த ஊரின் குடிநீரும் சாலையும் பஸ்ஸும் அந்நியம் அல்ல. பாகூரைப் பொறுத்தவரை கல்விக்கும் ஊருக்கும் இருந்த உறவு மிகப் பழையது. 9ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடுகள், அங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்த செய்தியைச் சொல்கின்றன. ஊர்களின் விளைச்சலில் கல்லூரி நடந்தது. இன்றைய வளாகங்களுக்கும் ஊருக்கும் நடுவே மதில் நிற்கிறது. மாணவருக்கு ஊர் தெரியாது, ஊருக்கு மாணவரைத் தெரியாது. அந்த மாணவர் ஊர்ப் பள்ளிக்கூடத்து வரிசையில் ஊர்க்காரர்களுக்கு நடுவே நின்று வாக்களிப்பது இருவருக்கும் நல்லது.

ஆகவேதான் தனியார் வளாகத்துக்குள் வாக்குச்சாவடி என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. வாக்குச்சாவடி என்பது எவரும் தடையில்லாமல் நுழையக்கூடிய இடமாக இருக்க வேண்டும். வாயிலில் காவலாளி அடையாள அட்டை கேட்கும் இடத்தில், பக்கத்துக் குப்பத்துப் பெண்மணி எப்படித் தயங்காமல் உள்ளே போவார்? உள்ளே இருக்கும் மாணவர்களும் தங்கள் நிர்வாகத்தின் கண்ணெதிரே வாக்களிப்பதாக உணரக் கூடாது. தனியார் கல்வி நிறுவனங்களுக்கும் அரசியலுக்கும் உள்ள நெருக்கம் தென்னிந்தியாவில் எல்லோரும் அறிந்தது. அதே காரணத்துக்காகத்தான் பெயர்ச் சேர்ப்பையும் நிர்வாகம் மொத்தமாக நடத்தக் கூடாது. எந்த முகவரியைத் தேர்வது என்பதை மாணவர் தனியாக முடிவு செய்ய வேண்டும். கல்லூரி சான்றைத் தர வேண்டும், படிவத்தை விளக்க வேண்டும், அத்தோடு விலகிக்கொள்ள வேண்டும். படிவங்களை வாங்குவதும் சரிபார்ப்பதும் பி.எல்.ஓ.வின் வேலை, அவரைக் கல்லூரிக்கு வரவழைத்தால் போதும். அரசுக் கல்லூரிகளின் நிலை வேறு. லாஸ்பேட்டையின் அரசுக் கல்லூரி, பாலிடெக்னிக் வளாகங்கள் வாக்கு எண்ணிக்கைக்குப் பழகியவை. தேவைப்பட்டால் அங்கே சாவடியும் வைக்கலாம், மக்கள் தயங்க மாட்டார்கள்.

சொந்த ஊரிலேயே பெயரை வைத்துக்கொள்ள விரும்பும் விடுதி மாணவருக்கு வேண்டியது பயண நாள். தபால் வாக்கு அவருக்கு இல்லை. படையினர், தேர்தல் பணியாளர், 85 வயது கடந்தவர், 40 விழுக்காடும் அதற்கு மேலும் ஊனமுற்றோர் போன்ற சிலருக்கே அது. 2022 டிசம்பரில் தேர்தல் ஆணையம் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரம் ஒன்றை அறிவித்தது. ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகள்வரை கையாளலாம், வெளியூரில் இருப்பவர் அங்கிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கலாம் என்றார்கள். 2023 ஜனவரியில் கட்சிகளுக்கு விளக்கக் கூட்டம் நடந்தது, எதிர்க்கட்சிகள் ஏற்கவில்லை, திட்டம் அங்கேயே நின்றது. புதுச்சேரித் தெருவில் குடியிருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை கொண்ட தமிழர், இந்த ஊரிலேயே திறக்கும் சாவடியில் பிரான்சின் அதிபரைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்கிறார். கிருமாம்பாக்கத்து விடுதியில் இருக்கும் திருநெல்வேலிப் பெண், திருநெல்வேலிக்கு வாக்களிக்க இரவெல்லாம் பஸ்ஸில் போக வேண்டும். இரண்டும் வேறு வேறு சட்டங்களின் விளைவு என்பது தெரிந்தாலும் மனம் ஒப்பவில்லை.

பயண நாள் தருவது கல்லூரிகளின் கையில்தான் இருக்கிறது. 2021-இல் ஏப்ரல் 6, 2024-இல் ஏப்ரல் 19: இரண்டு முறையும் தமிழ்நாடும் புதுச்சேரியும் ஒரே நாளில் வாக்களித்தன. வாக்குப்பதிவு நாளுக்கு விடுமுறை உண்டு. முந்தைய நாளுக்கோ மறுநாளுக்கோ இல்லை. மறுநாள் செய்முறைத் தேர்வு என்றால் திருநெல்வேலிப் பெண் ஊருக்குப் போகவே மாட்டார். புதுச்சேரியில் சட்டமன்றத் தேர்தல் 2001 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கோடையிலேயே வந்துகொண்டிருக்கிறது. பருவத் தேர்வுகளும் அதே மாதங்களில்தான். இது எதிர்பாராமல் வரும் புயல் அல்ல. பல்கலைக்கழகம் நாட்காட்டி போடும்போதே அந்த ஆண்டுக்குத் தளர்வு வைத்துக்கொள்ளலாம். 2024-இல் குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வையே தேர்தலுக்காக மே 26-லிருந்து ஜூன் 16-க்குத் தள்ளி வைத்தது மத்தியத் தேர்வாணையம். நாடு முழுதும் நடக்கும் தேர்வைத் தள்ளி வைக்க முடியுமென்றால், ஒரு கல்லூரியின் ஆய்வகத் தேர்வையும் தள்ளி வைக்க முடியும்.

இதுவரை சொன்னது சட்டமன்ற, நாடாளுமன்ற வாக்கைப் பற்றி. இந்த இரு கொம்யூன்களின் மாணவர்களுக்கு, எவ்வளவு முயன்று பெயர் சேர்த்தாலும் கிடைக்காத வாக்கு ஒன்று இருக்கிறது. அது கொம்யூன் பஞ்சாயத்து வாக்கு.

வில்லியனூரும் பாகூரும் இந்த விஷயத்தில் நெடிய வரலாறு கொண்டவை. பிரெஞ்சு அரசு 1880-இல் தன் இந்தியப் பகுதிகளில் பத்துக் கொம்யூன்களை ஏற்படுத்தித் தேர்தல் வழி நகரசபைகளை அமைத்தபோது அந்தப் பத்தில் இவை இரண்டும் இருந்தன. தேர்தல்கள் சுத்தமாக நடந்தன என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அடிதடிக்கும் கள்ள ஓட்டுக்கும் பெயர்போன காலம் அது. ஆனாலும் உள்ளூர் மன்றம் என்ற ஒன்று இருந்தது. 1954 அக்டோபர் 18-இல் வில்லியனூரை அடுத்த கீழூரில் கூடி, இந்தியாவோடு இணைவதா என்று வாக்களித்தவர்கள் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரசபை, சட்டசபை உறுப்பினர்களே. 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். இந்தப் பகுதி இந்தியாவுக்குள் வந்ததே உள்ளாட்சிப் பிரதிநிதிகள் பங்குகொண்ட வாக்கால்தான்.

இணைந்த பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1968-இல் ஒரு தேர்தல். பிறகு 38 ஆண்டுகள் எதுவும் இல்லை. 2006-இல் ஒரு தேர்தல். அந்தப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் தேதிகூட அறிவித்தார்கள். இட ஒதுக்கீட்டுச் சிக்கலும் வழக்குகளுமாக அது நின்றுபோனது. 5 நகராட்சிகள், 10 கொம்யூன் பஞ்சாயத்துகள், 98 கிராமப் பஞ்சாயத்துகள் அதிகாரிகளின் பொறுப்பில் ஓடுகின்றன. இன்று கல்லூரியில் முதலாண்டு சேரும் பிள்ளை, கடைசிக் கொம்யூன் தேர்தல் நடந்தபோது பிறக்கவே இல்லை. அவர் மட்டுமா? 1988-க்குப் பின் பிறந்த எவருமே இங்கே உள்ளாட்சித் தேர்தலில் வாக்களித்ததில்லை. தேர்தல் எழுத்தறிவு மன்றத்தில் பஞ்சாயத்து ராஜ் பற்றிய வினாடி வினாவுக்குச் சரியாகப் பதில் சொல்லிப் பரிசு வாங்கும் மாணவி, தன் ஊரில் பஞ்சாயத்துத் தலைவரைப் பார்த்த நினைவே இல்லாதவர்.

மாணவர் வாக்கை எளிதாக்குவது பற்றிப் பேசும் எவரும் இதைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. கல்லூரிக்குப் போகும் சாலையில் விளக்கு எரிகிறதா, பஸ் நிறுத்தத்தில் நிழல் இருக்கிறதா, ஊர் நூலகம் மாலையில் திறக்கிறதா என்பவை ஒரு மாணவருக்கு அன்றாடம் படும் விஷயங்கள். அவற்றுக்காக யாரைத் தட்டிக் கேட்பது என்று தெரிந்தால்தான் வாக்கு எதற்கு என்பதும் தெரியும். பெயர் சேர்க்கச் சொல்லி அழைக்கும் அரசு, மிக அருகில் உள்ள மன்றத்தின் கதவை மூடி வைத்துக்கொண்டு அழைக்கிறது.

அந்தக் கதவு திறந்தால் விடுதி முகவரியா, வீட்டு முகவரியா என்ற தேர்வுக்கும் புதிய பொருள் வரும். சட்டமன்றத் தேர்தலில் நிற்க 25 வயது ஆக வேண்டும். அரசியலமைப்பின் 243எஃப் பிரிவின்படி பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க 21 போதும். இளங்கலை முடிக்கும் பிள்ளையும் முதுகலை படிக்கும் பிள்ளையும் தம் ஊர் வார்டில் வேட்பாளராகவே நிற்கலாம். அதற்கு அவர் பெயர் அந்த ஊர்ப் பட்டியலில் இருந்தாக வேண்டும். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் வேட்புமனுவுக்கான கடைசி நாள் கடந்துவிட்டால் பட்டியலில் யாரையும் சேர்க்கச் சட்டம் இடம் தருவதில்லை. உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வரும் நாளில் போய்ப் படிவம் தேடினாலும் நேரம் போதாது. சோரியாங்குப்பத்து மாணவியும் கூடப்பாக்கத்து மாணவரும் அடுத்த அக்டோபர் 1-க்கு முன்பே, தம் கல்லூரியில் வைத்தே, அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டிருக்க வேண்டும்.